ஞானபுரம் விலக்கில் இண்டிகேட்டர் பிரசாரம்

ஏப்ரல் 10, திங்கள்

தென்றல் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கம் இண்டிகேட்டர் விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்தப்போகிறது. அமைப்பாளராக என்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நேற்றைய கூட்டத்துக்கு நான் போகவில்லை. ஒருமனது அப்படித்தான் கிடைக்கிறது.

செயலாளர் ஆவுடையப்பன் காலையிலேயே அச்சகத்துக்கு வந்து சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதிரே இரண்டு பேர் நின்றால் அவருக்கு அது கூட்டம்.

"உங்கள மாதிரி சமூக அக்கறை உள்ள ஆளு நம்ம நகர்ல வேற யாரு இருக்கா, சிதம்பரநாதன்?"

"நோட்டீஸ் எத்தனை அடிக்கணும்?" என்றேன்.

"ஒரு ஆயிரம். காகிதம் மட்டமா இருந்தாலும் பரவாயில்ல."

பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைக்கும் ஐம்பத்து மூன்று வயது பிரம்மச்சாரியிடம் இருக்கும் சமூக அக்கறை இதுதான்: சொந்தமாக ஓர் ஆப்செட் இயந்திரம்.

பிரச்சினை என்னவோ உண்மை. எங்கள் நகர்ச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் ஞானபுரம் விலக்கில் சிக்னல் கிடையாது. முன்னால் போகிறவர் நகருக்குள் திரும்பப் போகிறாரா, நேராகப் போகிறாரா என்பது அவர் திரும்பிய பிறகுதான் பின்னால் வருபவருக்குத் தெரிகிறது. சிலருக்கு ஆஸ்பத்திரியில் தெரிகிறது.

ஏப்ரல் 11, செவ்வாய்

நோட்டீஸ் வாசகம் பற்றிச் செயற்குழு கூடியது. இண்டிகேட்டர் போட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எப்போது என்பதில்தான் தகராறு. நூறு மீட்டருக்கு முன்பே என்றார் ஒருவர். நூறு மீட்டருக்குள் இரண்டு தெருவும் ஒரு கல்யாண மண்டபமும் இருக்கின்றன, பின்னால் வருகிறவன் இவர் சாப்பிடப் போகிறார் என்று நினைத்துவிடுவான் என்றார் இன்னொருவர்.

கடைசியில் நான் இப்படி எழுதினேன்: "பின்னால் வருபவர் வேகத்தைக் குறைக்க நேரம் கிடைக்கும்படி முன்னதாகப் போடுங்கள். வேறு தெருவுக்குள் போகிறீர்கள் என்று அவர் நினைத்துவிடும் அளவுக்கு முன்னதாகப் போடாதீர்கள். ஓரத்தில் நிறுத்திய வண்டியை எடுக்கும்போதும், ஒருவரைக் கடந்து செல்ல விலகும்போதும் போடுங்கள். திரும்பி முடிந்ததும் அணைத்துவிடுங்கள்." அடியில் பெரிய எழுத்தில்: "முன்பே போடுவது அறிவிப்பு. திரும்பும்போது போடுவது விளக்கம். திரும்பிய பிறகு போடுவது வரலாறு."

கடைசி வாக்கியத்தைச் செயலாளர் எடுத்துவிட்டார். அவர் வரலாற்று ஆசிரியர்.

ஏப்ரல் 13, வியாழன்

முதல் நாள். பெயர் கொடுத்தவர்கள் ஒரு பட்டாளம். காலை எட்டு மணிக்கு விலக்கில் நின்றது நானும் திருமதி ஜாய்ஸ் நவமணி அவர்களும் மட்டும். இரண்டாம் தெருவில் குடியிருப்பவர். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மூத்த நர்ஸ். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"வந்திருக்கது நாம ரெண்டு பேருதானா சார்?"

"மத்தவங்க மனசால வந்திருக்காங்க, சிஸ்டர்."

சிரித்தார். மாவுக்கட்டின் கதையைச் சொன்னார். சென்ற மாதம் மருந்துக்கடை வாசலில் நின்றிருந்த கார் ஒன்று எந்த அறிகுறியும் காட்டாமல் சாலைக்குள் வந்தது. இவர் ஸ்கூட்டரோடு விழுந்தார்.

"இறங்கி வந்து என்ன கேட்டாரு தெரியுமா? நான் வண்டிய எடுக்கப்போறேன்னு உனக்குத் தெரியலையாம்மான்னு. எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கே அப்பதான் தெரிஞ்சிருக்கு."

கட்டுப் பிரிக்கும்வரை ஆஸ்பத்திரியில் விடுப்பு. வீட்டில் தனியாக இருந்து சுவரைப் பார்ப்பதற்குச் சாலையைப் பார்க்கலாம் என்று வந்தாராம். கணவர் சிறுநீரகக் கோளாறில் இறந்து சில வருடங்கள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. இதை அவர் சொல்லவில்லை. டீக்கடை சொரிமுத்து நான் கேட்காமலே சொன்னான். நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

எங்கள் ஆயுதம் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த சைகை: கையை உயர்த்தி, விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டுவது. இண்டிகேட்டரை அணைக்க மறந்தவனுக்கும் இதுதான், போட மறந்தவனுக்கும் இதுதான். எது என்பதை அவனவன் மனச்சாட்சி முடிவுசெய்துகொள்ளும்.

ஏப்ரல் 14, வெள்ளி

புத்தாண்டு விடுமுறை. பிரசாரம் இல்லை. தேவையற்ற விடுமுறைகள் இந்த நாட்டில் அதிகம்.

ஏப்ரல் 17, திங்கள்

ஒழுங்காக இண்டிகேட்டர் போடுகிறவர்களுக்கு ஆரஞ்சு மிட்டாய், போடாதவர்களுக்கு நோட்டீஸ் என்று ஏற்பாடு. நவமணி அவர்களின் யோசனை. ஊசி போட்ட பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் பழகிய கை.

நான்கு விளக்கும் மினுக்கிக்கொண்டே ஒரு கார் வந்து மிட்டாய்க்கு நின்றது. இருபத்தைந்து வயதுப் பையன்.

"தம்பி, எதுக்கு நாலு லைட்டும் எரியுது?" என்றேன்.

"நேரா போறேன்லா சார். இடது பக்கமும் போகல, வலது பக்கமும் போகல. அதான் ரெண்டையும் போட்டிருக்கேன்."

"அது வண்டி நடுரோட்டுல நின்னுபோனா போடுதது. நெசமாவே நின்னுபோச்சுன்னா என்ன போடுவீங்க?" என்று நவமணி அவர்கள் கேட்டார்.

"நிக்காது மேடம். புது வண்டி."

இரண்டு மிட்டாய் கேட்டான். இரண்டு பக்கமும் போட்டதற்கு.

ஏப்ரல் 20, வியாழன்

வெள்ளைச் சட்டை தூரத்திலிருந்தே ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும் என்பதால் புதிதாக மூன்று வாங்கினேன். சாலைப் பாதுகாப்பில் உடைக்குள்ள பங்கை மக்கள் உணர்வதில்லை.

ஒரு ஆட்டோக்காரர், இண்டிகேட்டர் எங்கே என்று கேட்டதற்கு, "கைய நீட்டுனேன்லா" என்றார். நீட்டியது அவர் கை இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பயணியின் கை. அவரும் அதை எச்சில் பட்டதென்று உதறத்தான் நீட்டினாராம். நவமணி அவர்கள் சிரித்துச் சிரித்து மாவுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைல்கல்மீது உட்கார்ந்துவிட்டார். நான் அடுத்த வண்டியைக் கவனிக்கத் தவறினேன். அதற்கடுத்ததையும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

பிரசாரம் இல்லை. அவர் கிறிஸ்தவர், கோயில் ஆராதனைக்குப் போவார். நான் விலக்குக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வழக்கம் விட்டுப்போகக் கூடாது.

ஏப்ரல் 25, செவ்வாய்

"ஆஸ்பத்திரிக்கு வெளியில நான் சிஸ்டர் இல்ல சார். ஊரே அப்படிக் கூப்பிட்டு எனக்கே என் பேரு மறந்துருச்சு. நவமணின்னே சொல்லுங்க."

பெயர் சொல்லி அழைப்பது மரியாதையாகப் படவில்லை. மேடம் என்பது வங்கியில் கூப்பிடுவது. அம்மா என்றால் இருவருக்கும் வயது கூடுகிறது. இன்று முழுவதும் அவரை எப்படியும் அழைக்காமலே பேசிச் சமாளித்தேன். தமிழில் இது முடியும், "டீ சொல்லவா?", "வெயில் ஏறிட்டு", "அந்த லாரியப் பாத்தாச்சா?" என்று எழுவாயே இல்லாமல் ஒரு காலைப் பொழுதை ஓட்டிவிடலாம். நடுவே ஒருமுறை அவர் எதிர்ப்பக்கம் இருந்தபோது கூப்பிட வேண்டியிருந்தது. கையைத் தட்டினேன். சொரிமுத்து திரும்பிப் பார்த்தான்.

ஏப்ரல் 28, வெள்ளி

தென்காசியிலிருந்து தங்கை கோமு போன் செய்தாள்.

"அண்ணே, நீ ஹைவேயில யாரோ ஒரு அம்மாகூட நின்னு போறவன் வாரவனுக்கெல்லாம் கைய ஆட்டிக்கிட்டு இருக்கியாமே?"

"இண்டிகேட்டர் பிரசாரம்."

"அப்படித்தான் சொன்னாவ. யாரு அந்த அம்மா?"

"சங்கத்து உறுப்பினர்."

"வேதக்காரங்களோ? சர்ச்சுக்குப் போறவங்கதான?"

"சாலை விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் கோமு."

மூன்று தங்கைகளுக்கும் கல்யாணம் செய்து முடித்து நிமிர்ந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு. தரகர்கள் என் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது மூன்று தங்கைகளும் என்னைக் கண்காணிக்கிறார்கள்.

மே 3, புதன்

வருந்தத்தக்க முன்னேற்றம். விலக்கில் இன்று பெரும்பாலோர் ஒழுங்காக, உரிய தூரத்தில், உரிய பக்கத்தில் இண்டிகேட்டர் போட்டார்கள். ஒரு டிராக்டர்கூட. நவமணிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

இதே வேகத்தில் போனால் மாத நடுவிலேயே விலக்கில் எங்களுக்கு வேலை இருக்காது. செயலாளருக்கு அனுப்பிய வார அறிக்கையில் "நிலைமை இன்னும் கவலைக்கிடமாகவே உள்ளது" என்று எழுதினேன். கவலை யாருக்கு என்று அறிக்கையில் கேட்கப்படவில்லை.

மே 4, வியாழன்

கூரியர் பையன் ஒருவன் போன் பேசிக்கொண்டே, எதுவும் போடாமல், குறுக்கே பாய்ந்து திரும்பினான். நாட்டில் நம்பிக்கை வைக்க இன்னும் இடம் இருக்கிறது.

மே 5, வெள்ளி

காலையில் கோடை மழை. ஆட்டோ கிடைக்கவில்லை. நவமணியை என் ஸ்கூட்டரில் வீட்டில் விட்டேன். சேலையை ஒரு கையாலேயே சரிசெய்துகொண்டு, "சக்கரத்துல மாட்டலல்லா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாம் தெருவில் ஓர் ஈ காக்கை இல்லை. திரும்பினேன். முதுகில் ஒரு தட்டு.

"இண்டிகேட்டர்?"

"யாருக்குப் போட? ரோட்டுல ஒருத்தரும் இல்லையே."

"பின்னால நான் ஒருத்தி இருக்கேன்லா. திரும்பப் போறீங்கன்னு தெரிஞ்சாத்தான நான் எதையாவது பிடிச்சுக்கிட முடியும்?"

நோட்டீஸில் இந்தக் குறிப்பு விடுபட்டுவிட்டது. அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டும்.

அவர் இறங்கிய பிறகு நான் தெருவை மூன்று முறை சுற்றிவந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் போட்டேன். பழக்கம் வர வேண்டும் அல்லவா.

மே 8, திங்கள்

சொரிமுத்து சத்தமாகச் சொன்னான்: "அண்ணாச்சி, ரெண்டு பேரும் சேந்து நின்னு கைய விரிச்சு விரிச்சுக் காட்டுததப் பாத்தா கல்யாண வீட்டு வாசல்ல வரவேற்க நிக்கது மாதிரியே இருக்கு. பன்னீர்ச் செம்பு ஒண்ணுதான் குறைச்சல்."

நவமணி, "செம்ப நீரே வாங்கித் தாரும்" என்றார். எதற்கும் கூச்சப்படாத பெண்மணி. நான், டீயில் சர்க்கரை அதிகம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். டீ இன்னும் போடவில்லை என்று அவன் பின்னால் கத்தினான்.

மே 11, வியாழன்

கோத்தகிரியில் ஒரு நர்சிங் பள்ளி. அங்கே ஆசிரியையாக வரச்சொல்லி நவமணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. தங்குமிடம் உண்டு. ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். இரண்டு மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும்.

வண்டிகள் குறைந்த நேரம் பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி கேட்டார்:

"நீங்க என்ன நினைக்கீங்க?"

நெடுஞ்சாலையில் அந்த நேரம் பார்த்து ஒரு வண்டியும் வரவில்லை. காட்டுவதற்குக் கையில் ஒரு வேலையும் இல்லை.

"நல்ல வாய்ப்பு" என்றேன். "நல்ல தட்பவெப்பம்" என்றும் சொன்னேன். அவருடைய அனுபவம் இளம் தலைமுறைக்குப் பயன்பட வேண்டும் என்றும் சொன்னேன். செயலாளர்கூட அவ்வளவு கோவையாகப் பேசியிருக்க மாட்டார்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார். பிறகு மிட்டாய் டப்பாவை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கிருந்துதான் வெயில் முகத்தில் அடிக்கும். வேலையாகப் போனாலும் நாங்கள் இருவரும் அங்கே நிற்பதில்லை.

நலம் விரும்புகிற எவரும் சொல்லக்கூடியதைத்தான் சொன்னேன். அதில் தவறு ஒன்றும் இல்லை.

மே 12, வெள்ளி

மேலப்பாளையத்துப் பார்ட்டி ஒருவர் அச்சகத்துக்கு வந்து கூச்சல். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, பெண்ணின் பெயரையே காணோம். நானே மூன்று முறை பிழை பார்த்த பத்திரிகை.

"பொண்ணு இல்லாம கல்யாணமா அண்ணாச்சி?"

எல்லாவற்றையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

மே 14, ஞாயிறு

பிரசாரம் இல்லை.

மே 15, திங்கள்

நவமணி வந்தார். மிட்டாய் கொடுத்தார், நோட்டீஸ் கொடுத்தார். "வெயிலு" என்றார். "ஆமா" என்றேன். கோத்தகிரிக்கு என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பிறர் சொந்த விஷயம். காலை முழுவதும் அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்தேன். கேட்பதைவிட அது கடினமான வேலை.

மே 16, செவ்வாய்

காலையில் விலக்குக்குப் போனால் விலக்கு இல்லை.

போக்குவரத்துப் போலீசார் இரும்புத் தடுப்புகளை வரிசையாக வைத்து மூடிவிட்டார்கள். இனி நகருக்குள் வருகிறவர்கள் பெட்ரோல் பங்க்வரை நேராகப் போய், அங்குள்ள இடைவெளியில் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாக வர வேண்டும். இந்தப் பக்கமும் திரும்ப முடியாது, அந்தப் பக்கமும் திரும்ப முடியாது.

நிழலில் நின்ற சப்-இன்ஸ்பெக்டரிடம் போனேன். "சார், நாங்க இங்க இண்டிகேட்டர் பிரசாரம் நடத்திக்கிட்டு இருக்கோம்."

"கேள்விப்பட்டேன். ரொம்ப நல்ல காரியம்" என்றார். "ஆனா யோசிச்சுப் பாருங்க. திரும்புனாத்தான சார் இண்டிகேட்டர் போடணும்? திரும்பவே விடலன்னா?"

 தடுப்புகளுக்கு முன்னால் நானும் நவமணியும் நின்றோம். வண்டிகள் எல்லாம் நேராகப் போய்க்கொண்டிருந்தன. ஒருவரிடமும் ஒரு குறையும் இல்லை.

"நாளைக்கு எனக்குக் கட்டுப் பிரிக்காங்க" என்றார். மீதி மிட்டாயைச் சொரிமுத்துவின் கடையில் கொடுத்துவிட்டு நடந்தே போனார். என் ஸ்கூட்டர் அங்கேதான் நின்றது. கொண்டுபோய் விடவா என்று நான் கேட்கும் முன்பே தெருவுக்குள் மறைந்துவிட்டார். முன்பே என்றால், கேட்கக் கொஞ்ச நேரம் இருந்தது.

மே 18, வியாழன்

காலை எட்டு மணிக்கு எங்கும் போக வேண்டியதில்லை. அச்சகத்தைச் சீக்கிரம் திறந்தேன். வெள்ளைச் சட்டையில் மை பட்டுவிட்டது. பரவாயில்லை.

மே 21, ஞாயிறு

சங்கத்தின் பாராட்டுக் கூட்டம். விலக்கில் இண்டிகேட்டர் விதிமீறல் அறவே ஒழிந்துவிட்டது என்று செயலாளர் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தடுப்பு வைத்த போலீசாருக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. கேசரியும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எனக்கும் நவமணிக்கும் பொன்னாடை. கட்டுப் பிரித்த கையை இன்னும் முழுவதும் மடக்க முடியாமல் மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கோத்தகிரிக்குச் சம்மதம் எழுதிப் போட்டுவிட்டார் என்பதை நான் செயலாளரின் பேச்சிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். "மலைகளின் அரசி நம் சகோதரியை அழைத்துக்கொள்கிறாள்" என்றார். பிறகு குரலை உயர்த்தினார்:

"சாதி மதம் பாராமல், கொளுத்துகிற வெயிலில், ஓர் அண்ணனும் தங்கையும்போல நின்று சேவை செய்த இந்த இருவரையும்…"

கைதட்டல். நவமணி மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நன்றியுரை. அமைப்பாளர் என்ற முறையில் அது என் வேலை. இரண்டு வரி எழுதி எடுத்துப் போயிருந்தேன். மைக்கின் முன்னால் போய் நின்றபோது அந்தத் தாளைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"எல்லாருக்கும் நன்றி" என்றேன். "செயலாளர் உரையில ஒரு சின்னத் திருத்தம் இருக்கு."

செயலாளர் பேனாவை எடுத்துவிட்டார். நடவடிக்கைக் குறிப்பில் பிழை இருக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். "எந்த இடத்துல?"

"அண்ணனும் தங்கையும்போலங்கிற இடத்துல. அதை எடுத்துரணும்."

 பின்வரிசையில் யாரோ கேசரித் தட்டைக் கீழே வைத்தார்கள்.

செயலாளர் எழுத்தில் குறியாக இருந்தார். "எடுத்துட்டு அந்த எடத்துல என்ன போடணும்?"

"இப்போதைக்கு இடம் விட்டு வையுங்க" என்றேன்.

எப்படி இறங்கி வந்தேன் என்று நினைவில்லை. காலில் மைக் வயர் மாட்டியது மட்டும் நினைவிருக்கிறது. நான் வீடு போய்ச் சேர்வதற்குள் தென்காசிக்குத் தகவல் போயிருக்கும்.

வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தேன். நவமணி பொன்னாடையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு மாசமா பக்கத்துல நின்னேன். இதச் சொல்ல மைக்கு வேணுமா உங்களுக்கு?"

"பக்கத்துல நின்னதாலதான் சொல்ல முடியல."

"நல்ல வாய்ப்புன்னு நீங்க சொன்ன மறுநாளே சம்மதம்னு எழுதிப் போட்டுட்டேன்."

"ம்."

"ம்முன்னா?"

கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "நான் அன்னைக்கே சொல்லியிருந்தா போயிருக்க மாட்டியளா?"

 பொய் சொல்ல அவருக்கு வராது.

"போயிருப்பேன். எனக்கும் அந்த வேலை பிடிச்சிருக்கு. ஆனா வேற மாதிரி போயிருப்பேன்."

மே 26, வெள்ளி

கோமுவும் மாப்பிள்ளையும் நேரில் வந்துவிட்டார்கள். ஊர் சிரிக்கிறதாம். ஐம்பத்து மூன்று வயதில் இது தேவையா என்று மாப்பிள்ளை கேட்டார். நாற்பத்திரண்டிலும் யாரும் தேவை என்று சொல்லவில்லையே என்றேன். கோமு எழுந்து டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள். கிளம்பும்போது மாப்பிள்ளை காதில் விழாமல், "அவங்க கறி மீனெல்லாம் நல்லா வைப்பாங்களாமே?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். எனக்கு எதுவும் தெரியாது. அவர் வீட்டு வாசல்படிவரைதான் தெரியும்.

மே 31, புதன்

புது பஸ் ஸ்டாண்டில் நவமணியை வழியனுப்பினேன். அவருடைய கோயில்காரர்கள் நாலைந்து பேர் ஜெபம் செய்தார்கள். நான் இரும்புப் பெட்டியைப் பிடித்தபடி ஓரமாக நின்றேன். ஆமென் சொல்வதா கூடாதா என்று தெரியாமல் பெட்டியைக் கீழே வைத்தேன். சத்தம் சரியான இடத்தில் விழுந்தது.

பஸ் கிளம்பும் முன் ஜன்னல் பக்கம் போனேன். இத்தனை நாளும் எழுவாய் இல்லாமல் பேசியது போதும் என்று தோன்றியது.

"நவமணி."

"சொல்லுங்க."

கூப்பிட்டதோடு நின்றுவிட்டது. அதற்குமேல் என்னிடம் வாக்கியம் இல்லை.

அவர்தான் பேசினார். "ஆவுடையப்பன் சார் விட்டு வச்ச இடம் அப்படியே இருக்கட்டும். நான் அவசரத்துல எதையும் நிரப்ப மாட்டேன். எனக்கு அங்க மனசு எப்படி இருக்குன்னு பாக்கணும். உங்களுக்கு இங்க எப்படி இருக்குன்னும் பாக்கணும்."

"எனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். வண்டி பின்னோக்கி நகர்ந்தது. நவமணி ஜன்னல் கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டிச் சத்தமாகச் சொன்னார். கோயில்காரர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறினா மறுநாள் காலையில வந்துரலாம். அங்க குளிரும். ஸ்வெட்டர் இல்லாம வந்துறாதீங்க."

ஜூன் 4, ஞாயிறு

இரண்டாம் தெரு வழியாகப் போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. போனேன். பூட்டியிருக்கிறது. வாசலில் பால் பாக்கெட் போடும் பையைக் கழற்ற மறந்துவிட்டார். கழற்றி எடுத்துவந்து துவைத்துக் காயப்போட்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

போன் செய்தார். அங்கே மழையாம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களாம். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் எல்லா வண்டியும் ஒழுங்காக இண்டிகேட்டர் போடுகிறதாம். "நீங்க வந்து நின்னு சொல்லித் தரதுக்கு இங்க ஒண்ணுமே இல்ல" என்றார்.  அங்கே மழைச் சத்தம் கேட்டது. இங்கே மின்விசிறிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஜூன் 8, வியாழன்

பாளையங்கோட்டையில் ஜூன் மாதம் ஸ்வெட்டர் வாங்க அலைவது எப்படிப்பட்ட காரியம் என்று இன்று தெரிந்துகொண்டேன். தார்ச்சாலை உருகுகிறது. முதல் கடையில் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டாவது கடையில் பச்சைப் பிள்ளைக்கு மட்டும்தான் இருக்கிறது, எத்தனை மாதம் என்று கேட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் பரண்மேல் ஏறி, தூசி தட்டி, பழுப்பு நிறத்தில் ஒன்றை இறக்கினார். போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். நிலைக்கண்ணாடியில் வியர்த்து வழிந்துகொண்டு ஓர் ஆள் நின்றான். பார்க்க அவ்வளவு மோசமில்லை.

"கையி கொஞ்சம் நீளம். மடக்கி விட்டுக்கிடலாம்" என்றார் கடைக்காரர். "எந்த ஊருக்கு அண்ணாச்சி?"

"கோத்தகிரி."

"அங்க யாரு இருக்கா, சொந்தக்காரங்களா?"

"இன்னும் இல்ல" என்றேன்.